லினக்ஸ் டெஸ்க்டாப்பில் தமிழில் சொல்லி எழுதவும், சொல்லி வேலை வாங்கவும்: யாராவது செய்திருக்கிறீர்களா?

தண்டையார்பேட்டை_டைப்பிங் · சனி, காலை 7:10

வணக்கம். தண்டையார்பேட்டையில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக தமிழ்99 விசைப்பலகையில்தான் வேலை. பட்டா மாறுதல், வாரிசு சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, போலீஸ் புகார் என்று ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மனு அடிப்பேன். ஆறு மாதமாக வலது மணிக்கட்டில் வலி. காலையில் எழுந்தால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் இருக்கின்றன. நரம்பு அழுந்துகிறது, டைப் அடிப்பதைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குறைத்தால் கடை நடக்காது.

கடையில் இருப்பது பழைய ஐ3, 8 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. டெபியன் லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போட்டிருக்கிறேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: நான் சொல்லச் சொல்ல லிப்ரெஆபிஸில் தமிழ் விழ வேண்டும். சேமி, பிரிண்ட் போடு, அடுத்த ஃபைலைத் திற என்றால் செய்ய வேண்டும். மௌஸைப் பிடிப்பதுதான் அதிகம் வலிக்கிறது.

போனில் பேசி எழுதி, அதை எனக்கே அனுப்பி, கணினியில் எடுத்து ஒட்டியும் பார்த்தேன். எழுத்து நன்றாகவே வருகிறது. ஆனால் மனுவில் ஆதார் எண் இருக்கும், வீட்டுச் சண்டை இருக்கும், நோய் இருக்கும். என்னை நம்பிச் சொன்னதை எங்கேயோ இருக்கிற சர்வருக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. நெட் இல்லாமல், கடைக்குள்ளேயே நடக்க வேண்டும். வழி இருக்கிறதா?

பெரம்பூர்_பைத்தான் · சனி, காலை 9:42

அண்ணா, வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது ஒரு வேலை இல்லை, இரண்டு. சொன்னதை எழுதுவது வேறு, சொன்னதைச் செய்வது வேறு. இரண்டையும் ஒரே மென்பொருளிடம் கொடுப்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் விட்டேன்.

எழுதுவதற்கு விஸ்பர், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மாதிரி (பயிற்சி கொடுத்துப் பழக்கிய மென்பொருள்). 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ திறந்த மூலமாக வெளியிட்டது, 6,80,000 மணி நேர ஒலியில் பழக்கியது. அதில் தமிழும் உண்டு. விஸ்பர்.சிபிபி என்ற சி++ வடிவம் கார்டு இல்லாத கணினியிலும் ஓடும். டைனி, பேஸ், ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவுகள் இருக்கின்றன. டைனியில் 3.9 கோடி அளபுருக்கள் (பழகும்போது அது தனக்குள் சரிசெய்துகொள்ளும் எண்கள்), ஸ்மாலில் 24.4 கோடி, லார்ஜில் 155 கோடி. தமிழுக்கு ஸ்மாலுக்குக் கீழே இறங்காதீர்கள். ஐஐடி மெட்ராஸின் பேச்சு ஆய்வகம் தமிழுக்கென்றே மேலும் பழக்கிய விஸ்பர் மாதிரிகள், மாதிரிகளைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் கிடைக்கின்றன. அதையே எடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

விஸ்பரில் ஒரு சங்கதியைப் புரிந்துகொள்ள வேண்டும். எதைக் கொடுத்தாலும் அது 30 வினாடித் துண்டாகத்தான் பார்க்கும். நீங்கள் "சேமி" என்று அரை வினாடி சொன்னாலும், மீதி இருபத்தொன்பதரை வினாடியை மௌனத்தால் நிரப்பிக்கொண்டு முழுத் துண்டுக்கும் உழைக்கும். ஐ3-யில் ஒரு "சேமி"க்காக அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் கட்டளைக்கு அது சரிப்படாது.

இன்னொன்று, தமிழ் மெதுவாகத்தான் வரும். கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் நம் எழுத்தின் ஒவ்வொரு குறியும் 3 பைட். விஸ்பர் சொற்களை உடைக்கும் பட்டியலில் தமிழ்த் துண்டுகள் மிகக் குறைவு, அதனால் "விண்ணப்பிக்கிறேன்" போன்ற ஒரு சொல் பல துண்டாகச் சிதறும். ஒரு துண்டுக்கு ஒரு சுற்று என்று எழுதிக்கொண்டு போவதால் அதே நீளப் பேச்சுக்கு ஆங்கிலத்தைவிட நேரம் பிடிக்கும். ஒரு பத்தி சொல்லிவிட்டு, தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பினால் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டளைக்கு வோஸ்க் பாருங்கள், அதுவும் நெட் இல்லாமல் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்தான். சிறிய மாதிரி 50 எம்பி அளவுதான், பேசப் பேசவே விடை தரும். "இந்தச் சொற்களுக்குள் மட்டும் தேடு" என்று ஒரு பட்டியலையும் கொடுக்கலாம். இந்திய ஆங்கில மாதிரி இருக்கிறது. சேவ், பிரிண்ட், குளோஸ் என்று சொன்னால் போதும் என்றால் இன்றைக்கே முடித்துவிடலாம்.

தண்டையார்பேட்டை_டைப்பிங் · ஞாயிறு, இரவு 8:55

தம்பி, ரொம்ப நன்றி. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். "பிரிண்ட்" என்றதும் பிரிண்டர் ஓடியதைப் பார்த்தபோது கை வலியே ஒரு நிமிஷம் மறந்துபோனது.

ஆனால் ஆங்கிலக் கட்டளை எனக்கு ஒத்துவரவில்லை. மதியம் என் மனைவி கடையில் உட்காருவார். "சாத்து" என்று பேசிப் பழகியவரை "குளோஸ்" என்று சொல்ல வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணினி எங்கள் கடைக்கு வந்திருக்கிறது, அதுதான் எங்கள் பேச்சைப் பழக வேண்டும்.

எழுதும் பக்கம் இன்னொரு சிக்கல். தள்ளுவண்டியில் பழம் விற்கும் ஒரு அம்மா, வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மனு எழுத வந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் பேசியதையே மைக்கில் பிடித்தேன். "நான் பாட்டுக்கு வாயப்பயம் வித்துகினு இருந்தேன்" என்றார். திரையில் "நான் பாட்டுக்கு வாய் பயம் வித்து கிணறு இருந்தேன்" என்று வந்தது. அவர் எட்டிப் பார்த்து, "இன்னா கண்ணு, பயம்னு போட்டுகிது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் கையாலேயே அடித்துக் கொடுத்தேன்.

வியாசர்பாடி_மாலைவகுப்பு · ஞாயிறு, இரவு 10:20

அண்ணா, அந்த அம்மாவின் பேச்சில் ஒரு குறையும் இல்லை. நம் பக்கத்தில் ழகரம் யகரமாகும்: பழம் பயம், கிழவி கெயவி. "கொண்டு" என்பது "கினு" ஆகும்: வந்துகினு, போய்கினு, வித்துகினு. தப்பாமல் ஒரே ஒழுங்கில் நடக்கும் மாற்றம். ஒழுங்கு இருந்தால் இயந்திரம் கற்றுக்கொள்ளும். அது கேட்டதே இல்லை, அதுதான் விஷயம்.

ஏன் கேட்டதில்லை என்று யோசித்துப் பாருங்கள். மொசில்லாவின் காமன் வாய்ஸ் 2017இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். நல்ல காரியம். ஆனால் அங்கே பெரும்பாலும் திரையில் வரும் வாக்கியத்தைத்தான் வாசிக்க வேண்டும். வாக்கியம் எழுத்துத் தமிழில் இருக்கும். என் மாலை வகுப்புப் பிள்ளைகளை வாசிக்க வைத்தேன். வாசலில் "இன்னாடா, குந்து" என்று பேசிக்கொண்டிருந்தவன், மைக்கைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துத் தமிழுக்கு மாறிவிட்டான். வியாசர்பாடியில் பதிவான குரல்தான், வியாசர்பாடிப் பேச்சு இல்லை. நம் பேச்சு உள்ளே போக வேண்டுமானால், பேச விட்டுப் பதிவு செய்து, அப்புறம் உட்கார்ந்து எழுத வேண்டும். பத்து நிமிடப் பேச்சை எழுத எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் செய்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் கடைக்கு இப்போதைக்கு நான் சொல்வது: வாடிக்கையாளர் பேச்சை மைக்கில் விடாதீர்கள். நீங்கள் பதினெட்டு வருஷமாகச் செய்வது என்ன? அவர் பேச்சைக் காதில் வாங்கி, மனுத் தமிழாக்கி, விரலுக்கு அனுப்புகிறீர்கள். விரலுக்குப் பதிலாக வாய்க்கு அனுப்புங்கள். "நான் மேற்படி முகவரியில் வாழைப்பழ வியாபாரம் செய்து வருகிறேன்" என்று நீங்கள் சொல்லுங்கள். தொலைக்காட்சி நேரலைக்கு வசனம் போடுகிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்: கேட்டதைத் தெளிவாகத் தாங்களே திருப்பிச் சொல்லி, அந்தக் குரலை இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள்.

தண்டையார்பேட்டை_டைப்பிங் · திங்கள், காலை 6:30

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கே செய்து பார்க்கிறேன்.

திருவொற்றியூர்_இன்ஸ்ட்ருமென்ட் · திங்கள், காலை 11:05

தம்பி, நான் மணலியில் கருவிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தமிழில் கட்டளை வேண்டும், அதுவும் உங்கள் வீட்டுப் பேச்சில் வேண்டும் என்கிறீர்கள். அதற்கு இயந்திரத்துக்குத் தமிழே தெரிய வேண்டியதில்லை.

பழைய முறை ஒன்று இருக்கிறது. சகோயே, சிபா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1978இல் எழுதிய கட்டுரை இதில் பெயர் பெற்றது. ஒரே சொல்லை ஒரு தடவை இழுத்துச் சொல்வோம், ஒரு தடவை சுருக்கென்று சொல்வோம். இரண்டு ஒலியையும் ரப்பர் மாதிரி நீட்டிச் சுருக்கி, ஒன்றன் மேல் ஒன்று பொருந்துகிறதா என்று அளப்பதுதான் முறை. ஒவ்வொரு கட்டளையையும் நீங்களே ஐந்து தடவை சொல்லிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் ஒன்றைச் சொல்லும்போது, வைத்திருப்பதில் எது மிக அருகில் இருக்கிறது என்று அது பார்க்கும். ஒலியை 25 மில்லிவினாடித் துண்டுகளாக, 10 மில்லிவினாடி நகர்த்தி நகர்த்தி வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 13 எண்ணாகச் சுருக்கினால் போதும். பைத்தானில் லிப்ரோசா என்ற நூலகத்தில் எண்ணாக்குவதும் பொருத்துவதும் இரண்டுமே இருக்கின்றன.

பேசுகிறவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும், சொற்கள் சில டஜனுக்குள் இருக்க வேண்டும். அந்த இரண்டு வரம்பும் உங்கள் கடைக்கு வரம்பே இல்லை. "சாத்து" என்றாலும் சரி, "அத்த மூடு" என்றாலும் சரி, சொன்ன மாதிரியே திருப்பிச் சொன்னால் புரிந்துகொள்ளும். உங்கள் மனைவிக்குத் தனி ஐந்து பதிவு.

ஆனால் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூடு, போடு, தேடு மூன்றையும் கட்டளையாக வைத்தால் நிச்சயம் குழம்பும். மூன்றும் நெடிலில் தொடங்கி "டு"வில் முடிகின்றன. எதுகை இருக்கிற சொற்களை அருகருகே வைக்காதீர்கள். ஓரசை, ஈரசைச் சொல்லையும் தவிருங்கள். "சேமி" மிகக் குட்டை, "பத்திரமா வை" நல்லது. "போடு" வேண்டாம், "பேப்பர்ல அடி" என்று வையுங்கள். நீளம் வேறு, தொடக்கம் வேறு, முடிவு வேறு என்று ஒவ்வொன்றும் தனி முகத்தோடு இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். எதனோடும் பொருந்தவில்லை என்றால் சும்மா இருக்கும்படி ஒரு எல்லை வையுங்கள். முதல் இடத்தில் வந்த சொல்லுக்கும் இரண்டாம் இடத்தில் வந்த சொல்லுக்கும் தூரம் குறைவாக இருந்தாலும் சும்மா இருக்க வேண்டும். தும்மலையும் இருமலையும் பதிவு செய்து சோதியுங்கள். தும்மினால் பிரிண்ட் ஓடக் கூடாது.

பெரம்பூர்_பைத்தான் · திங்கள், மதியம் 1:15

சார், நான் நேராகப் பெரிய மாதிரிகளிலேயே தேடிக்கொண்டிருந்தேன். இது எவ்வளவு எளிமை! இன்றிரவு எழுதிப் பார்க்கிறேன். அண்ணாவின் ஐ3-க்கு இதெல்லாம் ஒரு சுமையே இல்லை.

காசிமேடு_கணக்கு · திங்கள், மாலை 4:48

எனக்கும் இது தேவைப்படுகிறது. அப்பாவின் படகுக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். விடியற்காலை ஏலத்தில் கை முழுக்க மீன் ஈரம், செதில். விசைப்பலகையைத் தொட முடியாது. ஆனால் அங்கே இருக்கிற சத்தத்தில் எந்த மைக் வேலை செய்யும்? ஐஸ் உடைக்கிற மெஷின், வண்டி ஹாரன், ஏலம் கூவுகிற குரல். "ஹலோ" மாதிரி ஒரு சொல் சொன்னால் விழித்துக்கொள்ளும்படி போனில் வைத்திருந்தேன். பக்கத்தில் யாரோ கத்தினாலே விழித்துக்கொள்கிறது.

பெரம்பூர்_பைத்தான் · திங்கள், இரவு 9:30

காசிமேட்டுக்கு: விழிப்புச் சொல்லை விட்டுவிடுங்கள். பொத்தான் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தியிருக்கும்போது மட்டும் கேட்க வேண்டும், விட்டால் நிறுத்த வேண்டும். சந்தை இரைச்சலில் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. தலையில் மாட்டும் ஹெட்செட் மைக் வாங்குங்கள், மேசை மைக் வேண்டாம். மைக் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது, வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும். நேரே இருந்தால் பகரம் வரும்போதெல்லாம் காற்று மோதி "புப்" என்று கேட்கும்.

இரைச்சலைக் குறைக்கிற ஆர்என்என்ஆய்ஸை, லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயரில் செருகலாம். ஆனால் அது போட்டால் நல்லதா, போடாவிட்டால் நல்லதா என்று ஒரே பத்தியை இரண்டு விதமாகவும் சொல்லிப் பாருங்கள். நம் காதுக்குச் சுத்தமாக இருப்பதெல்லாம் மாதிரிக்குச் சுத்தம் இல்லை. எனக்கு ஃபேன் இரைச்சலில் போடாமல் விட்டதே நன்றாக வந்தது.

விஸ்பருக்குப் பொத்தான் கட்டாயம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேச்சே இல்லாத ஒலியைக் கொடுத்தால் சில நேரம் யாரும் சொல்லாத வாக்கியத்தை அதுவாகவே எழுதிவிடும். அந்த மாதிரிக்குத் தெரிந்த சுபாவம் அது. மைக்கைத் திறந்தே வைத்திருந்தால் மனுவில் சொல்லாத வரி நுழையும்.

தண்டையார்பேட்டை_டைப்பிங் · திங்கள், இரவு 10:02

அப்படியானால் பிரிண்ட் போடுவதற்கு முன் முழு மனுவையும் வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டும். கையால் அடிக்கும்போதும் வாசிப்பேன், அவசரத்தில் சில நாள் விட்டுப்போகும். இனி விடவே கூடாது.

ராயபுரம்_ஆர்கா · செவ்வாய், காலை 8:12

எனக்குப் பார்வை கிடையாது. பத்து வருஷமாக ஆர்கா திரைவாசிப்பானோடு க்னோம் டெஸ்க்டாப் பயன்படுத்துகிறேன். இந்த இழையில் பேசுவதெல்லாம் என்னைப் போன்றவர்களுக்கும் வேண்டியது, அதனால் என் பக்கத்தையும் சொல்கிறேன்.

கட்டளை எனக்கு அவ்வளவு தேவையில்லை. குறுக்குவிசைகள் விரலிலேயே இருக்கின்றன, வாயைவிட விரல் வேகம். சொல்லி எழுதுவதுதான் எனக்குப் பெரிய உதவி. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஆர்கா வாசிக்கும் குரல் ஸ்பீக்கரில் வந்தால் மைக் அதைக் கேட்டு எழுதத் தொடங்கிவிடும். அதை ஆர்கா மறுபடி வாசிக்கும். ஹெட்போன் போட்டால் தீரும். முடியாதவர்கள் பைப்வயரில் எதிரொலி நீக்கும் தொகுதியை இயக்கிக்கொள்ளலாம்.

மற்றது தமிழுக்கே உரியது. கணினி எழுதியதில் பிழை இருக்கிறதா என்று நான் காதால்தான் பார்க்க வேண்டும். என் கணினியின் குரலில் "பள்ளி"யும் "பல்லி"யும் கேட்க ஏறத்தாழ ஒன்றுதான். "மனம்", "மணம்" அப்படியே. நான் சொன்னதும் சரி, அது வாசித்ததும் சரி, எழுதியிருப்பது மட்டும் தப்பு. ஒருமுறை ஒரு விண்ணப்பத்தில் பள்ளி என்று வரவேண்டிய இடமெல்லாம் பல்லி என்று போய்விட்டது. வாங்கியவர் சிரித்தார். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை.

இப்போது இப்படிச் செய்கிறேன்: ல ள ழ, ன ண, ர ற வருகிற சொற்களில் நான் அடிக்கடி எழுதும் இருநூறு சொற்களுக்கு ஒரு பட்டியல். எழுதி முடித்ததும் ஒரு ஸ்கிரிப்ட் அந்தச் சொற்களில் மட்டும் நின்று, எழுத்தெழுத்தாக, "ப, ள் பெரிய ள், ளி" என்று சொல்லும். பார்வை உள்ளவர்களும் இதைப் பயன்படுத்தலாம், கண்ணும் இந்த எழுத்துகளில் வழுக்கும்.

வியாசர்பாடி_மாலைவகுப்பு · செவ்வாய், காலை 10:40

அந்தப் பட்டியலைத் தருவீர்களா அண்ணா? என் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சிக்கே அது உதவும்.

ராயபுரம்_ஆர்கா · செவ்வாய், காலை 10:58

தாராளமாக. இன்று மாலை இங்கேயே ஏற்றுகிறேன்.

பெரம்பூர்_பைத்தான் · புதன், இரவு 11:20

எழுதி முடித்துவிட்டேன். முதலில், வந்த தமிழை எப்படி லிப்ரெஆபிஸுக்குள் விழ வைப்பது என்பது. நான் ஒரு ராத்திரி முழுக்க இதில் மாட்டிக்கொண்டேன், மற்றவர்கள் மாட்ட வேண்டாம்.

லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் அடித்தளம் இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலேண்ட். எக்ஸ்11 என்றால் எக்ஸ்டூடூல் என்ற கருவி போதும், அது விசை அழுத்தியது போல நடிக்கும். ஆனால் தமிழ் எழுத்துகள் நடப்பு விசைப்பலகையில் இல்லாவிட்டால், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு காலி விசையை எடுத்து மாற்றி மாற்றி ஒதுக்கும். வேகமாக அனுப்பினால் நடுவில் ஒரு புள்ளியோ கொம்போ விழாமல் போகும். "செய்து" போய் "சய்து" ஆகும்.

வேலேண்டில் எக்ஸ்டூடூல் நடக்காது. ஒரு செயலி இன்னொரு செயலிக்குள் விசையைத் தட்டுவதை வேலேண்ட் பாதுகாப்புக்காகவே தடுக்கிறது. வைடூடூல் என்ற இன்னொரு கருவி, லினக்ஸ் கர்னலில் விசைப்பலகை போல நடிக்க விடும் யூஇன்புட் வழியாக அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போகும். ஆனால் அதற்குத் தெரிந்தது விசை எண்கள்தான், தமிழ் எழுத்தை நேரடியாகத் தட்டத் தெரியாது. தமிழைக் கிளிப்போர்டில் வைத்து கன்ட்ரோல்-வி மட்டும் தட்டச் சொல்லலாம். நடக்கிறது. ஆனால் வாடிக்கையாளரின் விவரம் கிளிப்போர்டில் கிடக்கும், வேறு எங்காவது தவறி ஒட்டிவிடலாம்.

சரியான இடம் ஐபஸ் அல்லது எஃப்சிட்எக்ஸ் என்ற உள்ளீட்டு முறை மென்பொருள். தமிழ்99 எழுத்து எந்த வழியாக ஆவணத்துக்குள் போகிறதோ அதே வழி. உள்ளீட்டு முறை "இந்தச் சொற்றொடரை வை" என்று மொத்தமாகக் கொடுக்கும், எழுத்து சிதறாது, எக்ஸ்11, வேலேண்ட் என்ற பேதமும் குறைவு. வோஸ்க்கை வைத்து இதே வழியில் செய்த ஐபஸ் என்ஜின் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அதன் அமைப்பைப் பார்த்துத்தான் விஸ்பருக்கு எழுதினேன். டெஸ்க்டாப்பில் குரல் உள்ளீட்டைச் சேர்க்க நினைக்கும் யாருக்கும் என் வேண்டுகோள்: விசைப்பலகையைப் போல நடிக்க வைக்காதீர்கள். குரலையும் ஒரு உள்ளீட்டு முறையாகவே வையுங்கள்.

ஒரு சின்ன விஷயம். "கொ"வில் ககரத்தோடு சேரும் ஒகரத்தை யுனிகோடில் ஒரே குறியாலும் எழுதலாம், முன்கொம்பும் காலுமாக இரண்டு குறியாலும் எழுதலாம். திரையில் ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காமல் போகலாம். ஆவணத்துக்குள் வைக்கும் முன் எல்லாவற்றையும், இரண்டு குறியை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுகிறேன்.

அப்புறம், விஸ்பருக்கு முன்குறிப்பு கொடுக்கலாம். "வட்டாட்சியர், சிட்டா, புல எண், வாரிசு, தண்டையார்பேட்டை" என்று சொற்களை முன்னாலேயே காட்டிவிட்டால் அந்தப் பக்கம் சாய்ந்து எழுதும். ஆனால் முன்குறிப்புக்கு 224 துண்டுதான் இடம். தமிழ்ச் சொல் துண்டு துண்டாகச் சிதறும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் கொஞ்சம் சொற்கள்தான் பிடிக்கும். அடிக்கடி தப்பாக வருவதை மட்டும் வையுங்கள்.

சாரின் முறைப்படி கட்டளைப் பகுதியும் தயார். அண்ணா, சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வரட்டுமா?

தண்டையார்பேட்டை_டைப்பிங் · வியாழன், காலை 6:45

வா தம்பி. ஏழு மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும்.

தண்டையார்பேட்டை_டைப்பிங் · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 9:00

எல்லோரும் கேட்டீர்கள், எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

பொத்தான் காலுக்குப் போய்விட்டது. வீட்டில் கிடந்த பழைய யுஎஸ்பி விசைப்பலகையைப் பிரித்தோம். உள்ளே இருந்த சின்னச் சுற்றுப்பலகையில், ஸ்க்ரோல் லாக் விசைக்கு எந்த இரண்டு முனைகள் என்று ஒயரைத் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தோம். அந்த இரண்டிலும் ஒயரைப் பற்றவைத்து, மறுமுனையில் ஒரு காலிங்பெல் சுவிட்ச். சுவிட்சை ஒரு அரையடி பலகைத் துண்டில் அடித்து மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன். தையல் மெஷின் மிதிப்பது மாதிரி. அதேபோல பாஸ் பிரேக் விசைக்கு இன்னொன்று. இடது கால் மிதித்தால் எழுதும், வலது கால் மிதித்தால் கட்டளை. இரண்டு வேலை, இரண்டு கால். இதனால் ஒரு சங்கடம் தானாகத் தீர்ந்தது: "இப்பிரச்சனைக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டுகிறேன்" என்று மனுவில் சொன்னால் எழுத்தாக விழுகிறது, வலது காலை மிதித்து "முற்றுப்புள்ளி" என்றால் புள்ளி விழுகிறது.

பதினான்கு கட்டளை வைத்திருக்கிறோம். "பத்திரமா வை", "பேப்பர்ல அடி", "ஜன்னலைச் சாத்து", "பழைய மனு எடு", "அடுத்த பத்தி", "ஒரு தபா பின்னால போ" இப்படி. கடைசியாகச் சொன்னது செய்ததைத் திரும்பப் பெறுவதற்கு, என் மனைவி வைத்த பெயர். அவர் குரலில் அது தவறியதே இல்லை. அழிப்பதற்கு மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டும், நடுவில் கணினி "அழிக்கட்டுமா" என்று கேட்கும். முதல் வாரம் "அடுத்த பத்தி"யும் "அடுத்த பக்கம்" என்பதும் குழம்பின. சார் சொன்னது சரிதான், முதல் பாதி ஒன்றாக இருந்தது. "பக்கத்தைத் திருப்பு" என்று மாற்றினோம்.

எழுதுவது ஸ்மால் மாதிரியில். பத்து வினாடி பேசினால் ஏறக்குறைய பதினைந்து வினாடி காத்திருக்கிறேன். முதலில் பொறுமை போனது. இப்போது அந்த நேரத்தில் வாடிக்கையாளரிடம் அடுத்த விவரத்தைக் கேட்டுக்கொள்கிறேன். கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் போகும்போது காலை மிதிப்பதில்லை, வண்டி போகட்டும் என்று இருந்துவிடுவேன். பெயர்களில்தான் பிழை அதிகம். பெயர், கதவு எண், ஆதார் எண் இம்மூன்றையும் கையாலேயே அடிக்கிறேன், அதில் எந்தக் குரலையும் நம்ப மாட்டேன்.

மொத்தத்தில் கை வேலை பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. காலையில் விரல் மரத்துப்போவது இன்னும் இருக்கிறது, ஆனால் பத்து மணிக்குள் சரியாகிவிடுகிறது. முன்பு மதியம் வரை இழுக்கும்.

பழ வண்டி அம்மா மறுபடி வந்தார். நான் கேட்டு, என் வாயால் சொல்லி, எழுதி, வாசித்துக் காட்டினேன். "வாழைப்பழம்" என்று திரையில் இருந்ததைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, "அத்த எனுக்கு இன்னொரு காப்பி குடு" என்றார்.

வியாசர்பாடி_மாலைவகுப்பு · ஞாயிறு, காலை 9:50

அந்த அம்மா சம்மதித்தால் ஒரு நாள் நான் வந்து அவரைப் பேசவிட்டுப் பதிவு செய்துகொள்ளலாமா? எங்கே பயன்படுத்துவேன் என்று அவரிடமே முழுதாகச் சொல்கிறேன்.

காசிமேடு_கணக்கு · ஞாயிறு, காலை 10:15

அண்ணா, கால் சுவிட்ச் ஏலத்தில் நனையும். ஈரம் போகாமல் செய்ய வழி உண்டா? அதோடு "நூத்தி அம்பது" என்றால் ஒரு நேரம் 150 என்கிறது, ஒரு நேரம் எழுத்தில் எழுதுகிறது. கணக்கில் கூட்ட முடியவில்லை.

திருவொற்றியூர்_இன்ஸ்ட்ருமென்ட் · ஞாயிறு, காலை 11:30

அம்மா, சுவிட்சை சைக்கிள் டியூப் துண்டுக்குள் விட்டு இரண்டு முனையையும் பஞ்சர் ஒட்டும் பசையால் அடைத்துவிடுங்கள். மேலே மிதித்தாலும் அழுந்தும், தண்ணீர் போகாது. ஒயர் வெளியே வரும் இடத்தில் இன்னொரு பூச்சு.

எண்ணுக்கு விஸ்பர் வேண்டாம். ஏல விலை ஒரு சின்ன உலகம். ஒன்று முதல் ஒன்பது, பத்துகள், நூறுகள், ஆயிரம் என்று நாற்பது சொல்லுக்குள் அடங்கும். ஒவ்வொரு சொல்லையும் நீங்கள் கூவுகிற மாதிரியே, "எரநூறு", "முன்னூறு", "அம்பது" என்று ஐந்து தடவை பதியுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இலக்கத்தை எழுதி வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் அரை வினாடி நிறுத்திப் பேச வேண்டும். ஆறு, நூறு இரண்டும் இடிக்கும், தனி நூறை "ஒரு நூறு" என்று பதியுங்கள். வந்த எண்ணை, எழுத்தை வாசிக்கும் ஈஸ்பீக் மென்பொருளின் குரலில் ஹெட்போனில் திருப்பிச் சொல்ல வைத்து, நீங்கள் "ஆமா" என்ற பிறகுதான் கட்டத்துக்குள் போக வேண்டும்.

காசிமேடு_கணக்கு · ஞாயிறு, மதியம் 12:05

சரி சார். நாளைக்கு அப்பா கடலுக்குப் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிறேன். இரைச்சலோடு ஏலக்கூடத்திலேயே பதிய வேண்டுமா, வீட்டில் பதிந்தால் போதுமா?

திருவொற்றியூர்_இன்ஸ்ட்ருமென்ட் · ஞாயிறு, மதியம் 12:20

மூன்று வீட்டில், இரண்டு ஏலக்கூடத்தில். அங்கே பேசும்போது நம்மை அறியாமல் குரல் உயரும், அந்தக் குரலும் பதிவில் இருக்க வேண்டும்.